அடுப்பே வேண்டாம் என்றால்? வாசகர் கேள்வி - பதில்

என் கணவருக்கு வயது 47. ஒரு வருடமாக அடுப்பில் ஏறிய எதையும் தொடுவதில்லை. பால், தயிரும் கிடையாது. தேங்காய், பழம், முளைகட்டிய பயறு, கீரைச் சாறுதான். எடையும் சர்க்கரையும் குறைந்தன. இப்போது பாதம் மதமதவென்று இருக்கிறது என்கிறார். 'உடம்பு கழிவை வெளியேற்றுகிறது' என்று அவருடைய வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்களாம். சரிதானா?
- வாசகி, தஞ்சாவூர்

கழிவு வெளியேறி யாருக்கும் கால் மரத்துப் போவதில்லை. முதல் சந்தேகம் வைட்டமின் பி12 குறைபாடு. எடை குறைந்ததற்குக் காரணம் பலகாரம், சர்க்கரை, பொரித்தது எல்லாம் நின்றதுதான். அதற்காக அடுப்பை அணைத்திருக்க வேண்டியதில்லை.

தாவர உணவில் பி12 கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரலில் இருக்கும் கையிருப்பு சில ஆண்டுகள் தாங்கும். ஆனால் ஏற்கெனவே குறைவாக இருந்தாலோ, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டிருந்தாலோ சீக்கிரமே காலியாகிவிடும். ஸ்பைருலினா என்ற பாசிப் பொடி போதும் என்பார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலத் தோற்றமளிக்கும் போலிதான், உடம்புக்கு உதவாது.

இதில் ஒரு பொறி உண்டு. கீரையில் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் ஏராளம். அது ரத்தசோகை தலைகாட்டாமல் மறைத்துவிடும். ஹீமோகுளோபின் நன்றாகத்தான் இருக்கிறது என்று ரிப்போர்ட் வரும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். ஆகவே வெறும் ரத்த எண்ணிக்கை போதாது. பி12, அது குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாலும் இதே மதமதப்பு வரும் என்பதால் டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால், ஊசி போட்டாலும் நரம்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம். சாப்பாடு குறைந்த பிறகும் பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரை எடுக்கிறாரா என்பதையும் கேளுங்கள். சில மாத்திரைகள் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும்.

48 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் உணவில் உள்ள என்சைம்கள் செத்துவிடும் என்கிறார்களே?
- வாசகர், ஈரோடு

நன்றாகச் சூடாக்கினால் செயலிழப்பது உண்மைதான், ஆனால் பல என்சைம்கள் 48 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். பச்சையாகத் தின்றாலும் இரைப்பை அமிலத்தில் பெரும்பாலானவை சிதைந்துவிடும். செரிமானத்துக்கான என்சைம்களை நம் உடம்பே சுரக்கிறது. சமைத்தால் வைட்டமின் சி குறையும் என்பது நியாயமான வாதம். அதற்கு ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா போதும். கேரட்டின் பீட்டா கரோட்டினும் தக்காளியின் லைகோபீனும் எண்ணெய் விட்டு வதக்கினால்தான் கூடுதலாக உடம்பில் சேரும்.

தினமும் பயறு முளைகட்டி அப்படியே சாப்பிடுகிறோம். ராஜ்மாவையும் சேர்க்கலாமா?
- வாசகி, மதுரை

ராஜ்மா கூடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் நச்சு முளைகட்டினால் போகாது. நாலைந்து பச்சைக் கொட்டையே சில மணி நேரத்தில் வாந்தி, பேதியில் கொண்டுபோய் விடும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதித்த பிறகு, மசியும்வரை வேக வேண்டும். மிதமான சூட்டில் அரைவேக்காடாக விட்டால் நச்சு பச்சையில் இருப்பதைவிட அதிகமாகக்கூட ஆகலாம். மரவள்ளிக்கிழங்கையும் பச்சையாகத் தொட வேண்டாம். அதில் சயனைடு உண்டாகும்.

பச்சைப்பயற்றில் சிக்கல் வேறு. முளை வருவதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும்தான் சால்மோனெல்லா, ஈ கோலை கிருமிகளுக்கும் வேண்டும். கிருமி விதையின் வெடிப்புக்குள்ளேயே இருப்பதால் எத்தனை முறை அலசினாலும் முழுதாகப் போகாது. 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ கோலை தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இட்லித் தட்டில் 5 நிமிடம் ஆவி காட்டுங்கள், கடிபடும் பதம் அப்படியே இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் வேகாத முளைப்பயறு தர வேண்டாம்.

மகளுக்கு 24 வயது. பழமும் சாலட்டும்தான் சாப்பாடு. எடை 41 கிலோ ஆகிவிட்டது. நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. வயிறு நிறையத்தானே சாப்பிடுகிறாள்?
- வாசகி, கோவை

வயிறு நிறைகிறது, கணக்கு நிறையவில்லை. ஒரு கிலோ வெள்ளரிக்காய் 150 கலோரி. அரைக் கிலோ தக்காளி 100. ஆறு வாழைப்பழம் சுமார் 600. எல்லாம் சேர்ந்தும் 850-தான். அதிகம் ஓடியாடாத பெண்ணுக்கே நாளுக்கு 1,600, 1,700 தேவை. பற்றாக்குறை நீடித்தால் உடம்பு முதலில் நிறுத்தும் செலவுகளில் ஒன்று மாதவிலக்கு. ஜெர்மனியின் கீசென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் பச்சை உணவிலிருந்த 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்தது.

இப்படி மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறையும். அது குறைந்தால் எலும்பின் அடர்த்தியும் குறையும். எலும்பு சேர வேண்டிய வயது இது. மகப்பேறு மருத்துவரிடம் காட்டி கர்ப்பம், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி போன்ற காரணங்களையும் பார்த்துவிடுங்கள். சாலட்டை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அதன் பக்கத்தில் பருப்புச் சாதமோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ, சாப்பிடுவாள் என்றால் முட்டையோ வையுங்கள். சாப்பிடவே பயப்படுகிறாள் என்று தெரிந்தால் மனநல மருத்துவரையும் பார்ப்பது நல்லது.

காலையில் எலுமிச்சைச் சாறு, பிறகு பழங்கள். பல் கூசுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், திருச்சி

அமிலம் எனாமலை அரிக்கிறது. சாறு குடித்ததும் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். அரை மணி நேரத்துக்குப் பல் துலக்காதீர்கள், இளகிய எனாமலை பிரஷ் தேய்த்துவிடும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழம் கொறிப்பதை விட்டு, ஒரே வேளையில் சாப்பிட்டு முடியுங்கள்.