டிஸ்கார்ட் வரவேற்பு பாட்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் சர்வர் (குழு) நடத்துபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே புதியவர்களை வரவேற்கும் பாட், அதாவது தானாக இயங்கும் நிரல், பற்றியவை. பெரும்பாலோர் பைதான் மொழியில் டிஸ்கார்ட்.பை என்ற நிரல் தொகுப்பை வைத்துத்தான் எழுதுகிறார்கள், அதனால் பதிலும் அதை ஒட்டியே இருக்கும்.

அண்ணே, பாட் ஆன்லைனில் பச்சையாகத் தெரிகிறது. ஆனால் புதிதாக யார் வந்தாலும் வாயே திறக்கவில்லை. எரரும் வரவில்லை. (படிவம் 6 மாணவர், சுங்கை சிப்புட்)

எரர் வராததுதான் துப்பு, தம்பி. யாராவது சேர்ந்தால் பாட்டுக்குத் தகவல் வர ‘சர்வர் மெம்பர்ஸ் இன்டென்ட்’ என்ற அனுமதி வேண்டும். அதை இரண்டு இடத்தில் திறக்க வேண்டும்: டிஸ்கார்டின் டெவலப்பர் போர்ட்டல் தளத்தில் ‘பாட்’ பக்கத்தில் ஒன்று, உங்கள் கோடில் (நிரல் வரிகளில்) இன்னொன்று. கோடில் போட்டுவிட்டு போர்ட்டலில் மறந்திருந்தால் பாட் கிளம்பும்போதே எரர் கொடுத்து நின்றிருக்கும். உங்களுடையது அமைதியாக ஓடுகிறது என்றால் விடுபட்டது கோடில்தான். ‘இன்டென்ட்ஸ் டிஃபால்ட்’ என்று எழுதி அப்படியே விட்டிருப்பீர்கள். அதில் மெம்பர்ஸ் அடங்காது. அடுத்த வரியில் மெம்பர்ஸை ‘ட்ரூ’ ஆக்குங்கள்.

அப்புறம், சர்வரில் விதிகளை ஏற்றுக்கொள்ளும் திரை வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால், ஒருவர் சேரும்போது இயங்கும் ‘ஆன் மெம்பர் ஜாயின்’ அந்தத் திரைக்கு முன்னாலேயே ஓடிவிடும். பேச முடியாத ஆளைப் பார்த்து வணக்கம் சொல்லி என்ன பயன்? அவர் விதிகளை ஏற்று ‘பெண்டிங்’ (காத்திருப்பு) நிலை ‘ஃபால்ஸ்’ ஆகும்போது, அதாவது ‘ஆன் மெம்பர் அப்டேட்’டில், வரவேற்பை அனுப்புங்கள்.

பாட்டுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியே கொடுத்துவிட்டேன். அப்படியும் புதியவருக்கு ரோல் (குழுவில் அவருக்கான பிரிவு) கொடுக்கும்போது 50013, அதாவது அனுமதி இல்லை, என்று எரர் வருகிறது. (தாப்பா)

பாட் தன் ரோலுக்குக் கீழே உள்ள ரோலை மட்டும்தான் பிறருக்குக் கொடுக்க முடியும். அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தாலும் இந்த வரிசையைத் தாண்ட முடியாது. சர்வர் செட்டிங்ஸில் ரோல் பட்டியலைத் திறந்து பாட்டின் ரோலை மேலே இழுத்து வையுங்கள், சரியாகிவிடும். அந்த அட்மினிஸ்ட்ரேட்டரை உடனே எடுத்துவிடுங்கள். ரோல்களை நிர்வகிக்க, சேனலைப் பார்க்க, செய்தி அனுப்ப என்று மூன்று அனுமதி போதும்.

வந்தவுடன் பெயர், ஐசி எண், பள்ளி, கைப்பேசி எண் எல்லாம் பாட் கேட்டு வாங்கும்படி செய்யலாமா? பிள்ளைகள் பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறேன். (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பீடோர்)

வேண்டாம் டீச்சர். உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இது பாதுகாப்பைக் குறைக்கும். மைகாட் (ஐசி) எண்ணின் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம். ஒரு பிள்ளை அதைச் சேனலில் தட்டினால் இவ்வளவும் பார்க்கிறவர் கைக்குப் போய்விடும். டிஸ்கார்டில் சேரவே குறைந்தது 13 வயது வேண்டும், ஆகவே ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த இடமே சரிப்படாது.

பெரிய பிள்ளைகளிடம் இரண்டே கேள்வி கேட்கலாம்: எந்தத் தோட்டம், எதில் ஆர்வம். எழுதச் சொல்லாதீர்கள், தேர்வுப் பட்டியல் கொடுங்கள். ஒரு பட்டியலில் 25 வரைதான் போடலாம். ஹெவூட், எல்ஃபில் என்று தோட்டப் பெயர்களைப் போட்டபின் கடைசியில் ‘தாத்தா பாட்டி இருந்த தோட்டம்’, ‘வேறு ஊர்’ என்று இரண்டைச் சேருங்கள். தோட்டம் துண்டாடப்பட்டு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபெயர்ந்த வீட்டுப் பிள்ளை, பட்டியலில் தனக்கு இடமில்லை என்று நினைத்துத் திரும்பிப் போகக் கூடாது. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது.

வரவேற்பைத் தனிச்செய்தியாக அனுப்புவதா, எல்லாரும் பார்க்கும் சேனலிலா? (சுங்கை சிப்புட்)

சேனலில். தனிச்செய்தியைப் பலர் மூடி வைத்திருப்பார்கள். பாட்டுக்கு ‘இவருக்குச் செய்தி அனுப்ப முடியாது’ என்ற 50007 எரர்தான் கிடைக்கும். சேனல் என்றால் மற்றவர்களும் பார்ப்பார்கள். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) புதுக் குடும்பம் வந்தால் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பாரே, அது நடக்க வேண்டும். பாட்டின் வேலை புதியவரை ஒரு மனிதரிடம் கொண்டு சேர்ப்பது, அவ்வளவுதான்.

ஒரு செய்திக்கு 2000 எழுத்து வரை இடம் உண்டு. அதற்காக விதிகளை எல்லாம் கொட்டாதீர்கள். நான் எழுதினால் இப்படி:

“வணக்கம். நம் தோட்டத்துப் பிள்ளைகள் கூடும் இடம் இது. கீழே உங்கள் தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், வழிகாட்டி ஒருவர் பதில் சொல்வார்.”

இதற்குக் கீழே மலாயிலும் ஒரு வரி. தேசியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளில் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்க வராது.

‘வழிகாட்டி’ என்று ஒரு ரோல் வைத்து, விருப்பமுள்ளவர்களுக்குக் கொடுத்து, பாட் அந்த ரோலை அழைக்கும்படி செய்யுங்கள். அழைப்புச் சத்தம் போகவில்லை என்றால், அந்த ரோலை எல்லாரும் குறிப்பிடலாம் என்ற அமைப்பு மூடியிருக்கும். வழிகாட்டிகளில் இரவு ஷிப்ட் செய்பவர் ஒருவராவது இருக்கட்டும். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் நள்ளிரவுக்கு மேல்தான் வந்து சேருவார்கள்.

வரவேற்புச் செய்தியில் வைத்த பொத்தான் முதலில் வேலை செய்கிறது, கொஞ்ச நேரத்தில் ‘இன்டராக்‌ஷன் ஃபெயில்ட்’ என்கிறது. (தாப்பா)

டிஸ்கார்ட்.பையில் பொத்தான் அடங்கிய ‘வியூ’வை 180 விநாடி யாரும் தொடாவிட்டால் அது காலாவதியாகிவிடும். காலாவதி ஆகாமல் இருக்க ‘டைம்அவுட்’டை ‘நன்’ (None) ஆக்குங்கள். பொத்தானுக்கு மாறாத ‘கஸ்டம் ஐடி’ கொடுத்து, பாட் கிளம்பும்போது ஓடும் ‘செட்டப் ஹுக்’கில் அந்த வியூவைச் சேர்த்துவிடுங்கள். பாட்டை நிறுத்தி ஓட்டினாலும் பழைய பொத்தான் வேலை செய்யும்.

உதவி கேட்டு என் கோடை புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டேன். டோக்கனும் அதில் இருந்தது. (சுங்கை சிப்புட்)

டோக்கன் என்பது உங்கள் பாட்டின் கடவுச்சொல் மாதிரி. இதை வாசித்து முடிக்கும் முன் போர்ட்டலுக்குப் போய் ‘ரீசெட் டோக்கன்’ அழுத்துங்கள். செய்தியை அழித்தால் போதாது. புதிய டோக்கனைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

எனக்கு கோடு எழுத வராது தம்பி. வேறு வழி? (குடும்பத்தலைவி, பீடோர்)

இருக்கிறது அக்கா. சர்வரை ‘கம்யூனிட்டி’யாக மாற்றினால் டிஸ்கார்டிலேயே ‘ஆன்போர்டிங்’ கிடைக்கும். கேள்வி கேட்கும், ரோல் கொடுக்கும், சேனலும் காட்டும். எல்லாருக்கும் தெரியும் சேனல் குறைந்தது 7 வேண்டும், அதில் 5-இலாவது எல்லாரும் எழுத முடிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சின்னக் குழுவுக்கு 7 சேனல் அதிகம், பாதி காலியாகக் கிடக்கும். உங்கள் குழு சிறியது என்றால், சேனலில் ஒரு செய்தியை ‘பின்’ (pin) செய்து வைத்து, வருபவர்களை நீங்களே பெயர் சொல்லி வரவேற்றுவிடுங்கள்.