பதினோரு மாடிக்கு ஒரு பக்கம்

வணக்கம் சார்,

நான் 14 வருடம் வேலை பார்த்த பதினோரு மாடி அலுவலகக் கட்டடத்தைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதினேன். ஏழு மேற்கோள்கள் கொடுத்தேன். மூன்றாம் நாளே நீக்கச் சொல்லிக் கட்டுரையின் தலையில் ஓர் அறிவிப்புப் பெட்டி (வார்ப்புரு) போட்டுவிட்டார்கள். பத்து வீடு உள்ள கிராமத்துக்கெல்லாம் கட்டுரை இருக்கிறது, இத்தனை பேர் தினமும் வந்துபோகும் கட்டடத்துக்கு அந்தத் தகுதி இல்லையா? நீங்களும் அங்கே எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். அதன் குளிரூட்டும் அமைப்பைப் பற்றி ஒரு பொறியியல் இதழில்கூட வந்தது, பிரதிதான் கையில் இல்லை.

அன்புள்ள நண்பருக்கு,

கட்டுரையைப் படித்தேன், ஏழு மேற்கோள்களையும் திறந்து பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் இப்போதைக்கு நான் நீக்கச் சொன்னவர் பக்கம்தான்.

'தகுதி' என்ற சொல்தான் உங்களைச் சீண்டுகிறது என்று நினைக்கிறேன். அங்கே யாரும் கட்டடத்துக்கு மார்க் போடவில்லை. கட்டடத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத யாராவது, நம்பகமான இடத்தில், அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. உங்கள் ஏழில் இரண்டு, கட்டியவர்களின் சொந்த இணையதளம். இரண்டு, வாடகைக்கு இடம் இருக்கிறது என்ற விளம்பரம். ஒன்று கட்டடங்களைப் பட்டியல் போடும் தரவுத்தளம், அதில் எல்லாக் கட்டடமும் இருக்கும். ஒரு பெரிய நிறுவனம் நான்காம் மாடிக்குக் குடிவந்த செய்தி ஒன்று; குடிவந்தவரின் புகழ் கட்டடத்தில் ஒட்டாது. மிச்சம், மின்கசிவில் தீப்பிடித்ததைப் பற்றி நாலு வரி. நாலு வரியை வைத்து எந்தக் கட்டுரையும் நிற்காது.

கிராமத்துக்கு வருகிறேன். சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட, மக்கள் வாழ்கிற ஊர் என்றால் பொதுவாக விட்டுவிடுவார்கள், கட்டடத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இது நியாயமா என்றால் எனக்கும் முழுச் சம்மதமில்லை. சரி, அது வேறு சண்டை.

உயரத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் உதவாது. சிகாகோவின் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் 1885-ல் முடிந்தபோது பத்தே மாடி, உங்களுடையதைவிட ஒன்று குறைவு, 1931-ல் இடித்தும்விட்டார்கள். ஆனால் அதை முதல் வானளாவி என்று சொல்லலாமா, எடையை உலோகச் சட்டகம் மட்டும் தாங்கியதா இல்லை சுவர்களுக்கும் பங்கு உண்டா என்று வரலாற்றாளர்கள் பல வருடமாக முட்டிக்கொள்கிறார்கள். அந்த முட்டல்தான் அதன் கட்டுரைக்குத் தீனி.

இன்னொன்று, நியூயார்க்கின் சிட்டிகார்ப் சென்டர். 59 மாடி, 1977-ல் திறந்தது. மூலைவாட்டில் அடிக்கும் பலமான காற்றில் சாய்ந்துவிடலாம் என்று மறுவருடம் அதன் பொறியாளருக்கே தெரியவர, ராத்திரி ராத்திரியாக இணைப்புகளின் மேல் எஃகுத் தகடுகளை வைத்துப் பற்றவைத்தார்கள். விவரம் பொதுவெளிக்கு வந்தது 1995-ல், ஒரு பத்திரிகைக் கட்டுரையில். அதற்கு முன் பற்றவைத்த தொழிலாளி ஒருவரே தன் கண்ணால் கண்டதை ஒரு கலைக்களஞ்சியத்துக்கு எழுதி அனுப்பியிருந்தாலும் ஏற்றிருக்க மாட்டார்கள். பொய் என்பதால் அல்ல, வாசிக்கிறவர் சரிபார்க்க வழியில்லை என்பதால். அதே காரணத்தால்தான், ஏழாம் மாடி வந்தால் ஒரு நொடி தயங்கி நிற்கும் லிஃப்டைப் பற்றிய உங்கள் வாக்கியமும் அடிபடுகிறது. கட்டுரையில் எனக்குப் பிடித்ததே அது ஒன்றுதான்!

அதை உங்கள் பெயரில் வேறெங்காவது எழுதுங்கள், நானே முதலில் படிப்பேன். நீங்கள் எடுத்த படங்களை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம், ஆனால் கட்டடங்களைப் படமெடுத்து வெளியிடும் உரிமை நாட்டுக்கு நாடு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிய ஆண்டும் மாடிக் கணக்கும் விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் இருக்கலாம், அங்கே கெடுபிடி குறைவு.

அப்புறம், போகிறபோக்கில் அந்தப் பொறியியல் இதழைச் சொன்னீர்களே, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதில் வந்த கட்டுரை எத்தனை பக்கம்? எழுதியவர் அந்த அமைப்பை விற்ற நிறுவனத்தின் ஆளா, வெளியாளா? இணையத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அச்சில் இருந்தால் போதும், ஏதாவது பொறியியல் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். நீக்குவதா வைப்பதா என்று பேசும் நீக்கல் உரையாடல் வழக்கமாக ஏழு நாள் ஓடும், அதற்குள் இதழ் கிடைக்காவிட்டால் உங்கள் கட்டுரையை, முடியாத கட்டுரைகளை வைத்துத் திருத்தும் வரைவுப் பகுதிக்கு நகர்த்தச் சொல்லிக் கேளுங்கள். வெளியாள் எழுதிய ஐந்தாறு பக்கமாக அது இருந்து, கூடவே அதே மாதிரி இன்னொன்றும் கிடைத்தால், என் கருத்தை நானே அடித்துவிட்டு 'வைத்திருக்கலாம்' என்று எழுதுகிறேன்.