ஓடி வந்தவன் கோழையா?

கேள்வி: மியான்மரில் ராணுவத்தை எதிர்த்துவிட்டு இந்தியாவுக்குள் ஓடி வருகிறவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அரசியல் செய்கிறவன் சொந்த ஊரில் நின்று போராட வேண்டியதுதானே? ‘இந்தியா தர்மசத்திரம் இல்லை’ என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் உங்களுக்கு ஏன் இந்த வேலை?
– ‘உண்மை விளம்பி’, வியாசர்பாடி

பதில்: இந்தக் கேள்வி வியாசர்பாடியிலிருந்து வந்திருப்பதுதான் வேடிக்கை. ஒரு சாயங்காலம் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மா பஜார் பக்கம் போய் பர்மாக்காரர் சாப்பாடான அத்தோவை ஒரு தட்டு சாப்பிட்டுப் பாருங்கள். நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு வடையை நொறுக்கித் தூவி, கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பும் தருவார்கள். இந்தச் சாப்பாடு வடசென்னைக்கு எப்படி வந்தது? 1962-இல் தளபதி நே வின்னின் ராணுவம் பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், ஆட்சியைப் பிடித்தது. 1964-இல் கடை கண்ணிகளை அரசே எடுத்துக்கொண்டது. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்களுக்கு வீடு கிடைத்த இடங்களில் உங்கள் வியாசர்பாடியும் ஒன்று. அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் அகதிகள் இல்லை, ‘தாயகம் திரும்பியோர்’. இருக்கட்டும். ஆனால் அவர்களில் எத்தனையோ பேர் பிறந்ததே அங்கேதான். ‘அங்கேயே நின்று போராடாமல் இங்கே எதற்கு வந்தாய்?’ என்று துறைமுகத்தில் யாரும் அவர்களை மறிக்கவில்லை. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி அங்கே மறுபடி ஆட்சியைப் பிடித்ததும் ராணுவம்தான்.

அப்புறம், ஓடி வருகிறவன் கோழை என்கிற விஷயம். 1908-இல் ‘இந்தியா’ பத்திரிகையின் சட்டப்படியான ஆசிரியரை வெள்ளைக்காரப் போலீஸ் கைது செய்தது. அடுத்து தன்னைத்தான் தேடி வருவார்கள் என்று தெரிந்ததும் பாரதியார் சென்னையிலிருந்து கிளம்பிப் புதுச்சேரிக்குப் போனார். அது பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். அன்றைய கணக்கில் வெளிநாடு. பத்து வருஷம் அங்கே இருந்தார். பிரெஞ்சு அரசு அவரைப் பிடித்துக் கொடுக்கவில்லை. 1918 நவம்பரில் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்ததுமே கடலூரில் கைது. ‘பாஞ்சாலி சபதம்’ நமக்குக் கிடைத்தது இடையில் இருந்த அந்தப் பத்து வருஷத்தில்தான். பாரதி சென்னையிலேயே நின்று போராடியிருக்க வேண்டும் என்பீர்களா? என்றால், எங்கே நின்று? சிறைக்குள்ளேயா?

உச்ச நீதிமன்றத்துக்கு வருவோம். ‘தர்மசத்திரம்’ என்பது 2025 மே மாதம், தண்டனைக் காலம் முடிந்தும் நாடு திரும்ப அஞ்சிய ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் நீதிபதி வாய்மொழியாகச் சொன்னது. அவர் மனுவும் ஏற்கப்படவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே உச்ச நீதிமன்றம் 1996-இல், இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து வந்த சக்மா அகதிகளை அருணாசலப் பிரதேசத்திலிருந்து சிலர் விரட்டப் பார்த்தபோது, அவர்கள் உயிரைக் காப்பது மாநில அரசின் கடமை என்று தீர்ப்பே எழுதியிருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. பேச்சுரிமை தரும் 19-ஆவது பிரிவில் ‘குடிமக்கள்’ என்று எழுதியவர்கள், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் 21-இல் ‘எந்த நபரும்’ என்று எழுதினார்கள். இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாமலா எழுதியிருப்பார்கள்?

நீங்கள் கேட்கிற மியான்மர்க்காரர்களுக்கே ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2021 மே மாதம், பத்திரிகையாளர்களும் குடும்பத்தாருமாக 7 பேர் மணிப்பூர் உயர் நீதிமன்றத்தில் நின்றார்கள். விசா இல்லாமல் வந்தவர்கள்தான். உயிருக்குப் பயந்து வந்தவரை வேலை தேடி வந்தவரோடு சேர்க்க முடியாது, சாவு காத்திருக்கும் இடத்துக்கே திருப்பி அனுப்பாமல் இருப்பதும் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்றது நீதிமன்றம். ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அணுக அவர்கள் டெல்லி போக வழி செய்தது.

என் கோபம் வேறு இடத்தில். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதனால் யாருக்குக் கதவு திறக்கும் என்பது அந்தந்த நேரத்து அரசாங்கத்தின் மனசைப் பொறுத்தது. 1959-இல் தலாய் லாமாவுக்குத் திறந்தது. அதே மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா முஸ்லிம்களுக்குச் சிறைக்கதவுதான் திறக்கிறது.

தூரமாகக்கூடப் போக வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் புழல் காவாங்கரை. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல காரியம்தான். ஆனால் குடியுரிமை வழங்குவது டெல்லியின் கையில். 2019-இல் டெல்லி திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருக்கின்றன, இலங்கை இல்லை. இந்த மாதிரி முகாம்களிலேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டவர்கள் இன்னும் அகதி என்றே பதிவில் இருக்கிறார்கள்.