கொழிஞ்சாம்பாறையில் டிஷ்ஷை 83 டிகிரியிலிருந்து ஃப்ரீ டிஷ்ஷுக்குத் திருப்புவது எப்படி?

தூர்தர்ஷனின் இலவச டி.வி. சேவையான ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளில். வித்தியாசம் பத்தரை டிகிரிதானே என்று அவ்வளவே திருப்பினால் சிக்னல் கிடைக்காது. அந்த எண்கள் பூமத்திய ரேகைக்கு மேலே செயற்கைக்கோள் நிற்கும் இடம். நாம் ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அவை உச்சிக்கு அருகே தெரிகின்றன. திசை வேகமாக மாறும். பாலக்காட்டுப் பக்கம் திசைமானியில் 150இலிருந்து 122க்கு, அதாவது 28 டிகிரி கிழக்கே திருப்ப வேண்டும். ஏற்றம், அதாவது தரையிலிருந்து வானத்தை நோக்கும் கோணம், 75இலிருந்து 67 டிகிரிக்கு இறங்கும். டிஷ் நிமிர்ந்து நிற்பதாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், வீடுகளில் வைக்கும் ஆஃப்செட் டிஷ் (சாய்வாக வரும் சிக்னலைக் கீழ்ப்பக்கக் கைக்குத் திருப்பும் வகை) அப்படித்தான்.

அப்புறம், பலர் விட்டுவிடுவது எல்.என்.பி., அதாவது டிஷ்ஷின் கை நுனியில் சிக்னலை வாங்கும் கருவி. அதையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, பெட்டியில் 'குவாலிட்டி' அளவு உச்சத்துக்கு வந்ததும் நட்டை இறுக்குங்கள். 'ஸ்ட்ரெங்த்' அளவை நம்பாதீர்கள். தவறான செயற்கைக்கோளைப் பார்த்தாலும் அது ஏறும்.