கிரேக்கமும் எபிரெயமும் தெரியாத ஒருவர், இலவச மென்பொருளை வைத்து வேதாகமத்தை ஆழமாகப் படிக்க முடியுமா? எதை நிறுவுவது, எப்படிப் பயன்படுத்துவது?

முடியும். கணினி புதிதாக இருக்க வேண்டியதில்லை, இணையமும் முதல் நாள் மட்டும் போதும். ஆனால் பலர் மென்பொருளை நிறுவி, முப்பது மொழிபெயர்ப்புகளையும் இருபது விளக்கவுரைகளையும் இறக்கி வைத்துவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. படிப்புக்கு உண்மையில் உதவுவது ஒரே ஒரு வசதிதான்: மூலமொழிச் சொல் ஒன்று வருகிற எல்லா இடங்களையும் ஒரே நேரத்தில் கண்முன் கொண்டுவருவது. அதைச் சுற்றியே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் எதை நிறுவுவது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. விண்டோஸில் பலரும் வைத்திருக்கும் ஈ-ஸ்வோர்ட் இலவசம், நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அதன் மூலநிரல் திறந்ததல்ல, அதற்காக இறக்கிய நூல்கள் பெரும்பாலும் வேறு செயலியில் அப்படியே திறக்காது. நீண்ட காலம் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு கிராஸ்வயர் பைபிள் சொசைட்டியின் ஸ்வோர்ட் திட்டத்தைத்தான் பரிந்துரைப்பேன். இது கட்டற்ற உரிமத்தில் வருவது. நூல்கள் ஒரே வடிவத்தில் இருக்கும், அவற்றைப் படிக்கும் செயலிகள் பல. லினக்ஸிலும் விண்டோஸிலும் சைஃபோஸ் அல்லது பைபிள்டைம், மேக்கில் எலக்வன்ட், ஆண்ட்ராய்டில் ஆண்ட்பைபிள். கணினி மாறினாலும் நூல்களை அப்படியே எடுத்துப் போகலாம். உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள் தங்கள் பதிப்பின் மென்பொருள் களஞ்சியத்தில் சைஃபோஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நிறுவியதும் செயலி கிட்டத்தட்ட காலியாக இருக்கும், பயப்பட வேண்டாம். நூல்களை 'மாட்யூல் மேனேஜர்' வழியாகத் தனியாக இறக்க வேண்டும். அது இணையத்தைத் தொடும் முன், விசுவாசத்துக்காக மக்கள் துன்புறுத்தப்படும் நாட்டில் இருந்தால் இப்படி இறக்க வேண்டாம் என்று ஓர் எச்சரிக்கை காட்டும். அது பிழைச்செய்தி அல்ல. படித்துப் பார்த்துச் சம்மதம் கொடுத்தால் களஞ்சியங்களின் பட்டியல் வரும்.

தொடக்கத்துக்கு ஐந்தே ஐந்து போதும். ஸ்ட்ராங் எண்கள் (மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்த எண், கீழே விளக்குகிறேன்) இணைந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு, ஸ்ட்ராங் கிரேக்க அகராதி, ஸ்ட்ராங் எபிரெய அகராதி, ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டும் டிரெஷரி ஆஃப் ஸ்கிரிப்சர் நாலெட்ஜ், பிறகு ஒரு தமிழ்ப் பிரதி. தமிழுக்கு ஈபைபிள் களஞ்சியத்தைச் சேர்த்து, இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன் தமிழை எடுங்கள். அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது, ஆகவே மற்றவர்களுக்குப் படி எடுத்துக் கொடுக்கவும் தடையில்லை. யாரோ தட்டச்சு செய்து, உரிமம் எதுவும் குறிப்பிடாமல் சுற்றுக்கு விட்ட பிரதிகளைத் தவிர்ப்பது நல்லது. உரிமை ஒரு பக்கம் இருக்க, எழுத்துப்பிழையும் விடுபட்ட வசனமும் அவற்றில்தான் அதிகம்.

சபையிலோ கிராமத்து வீட்டிலோ இணையம் இல்லையென்றால், வேறொரு கணினியில் நூல்களைச் சுருக்கக் கோப்பாக இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் விரிக்கலாம். உள்ளே இரண்டு கோப்புறைகள் இருக்கும்: ஒன்றில் நூலின் விவரக்குறிப்பு, மற்றொன்றில் நூல். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். நூல் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் செயலியின் பட்டியலில் எதுவும் தோன்றாது, 'நூல் கெட்டுவிட்டது' என்று நினைத்துவிடுவோம்.

இப்போது ஸ்ட்ராங் எண். ஒவ்வொரு சொல்லும் எந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய நூல் ஒன்றை ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890ல் வெளியிட்டார். அதில் எபிரெயச் சொற்களுக்கு 8674 வரையும் கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரையும் எண் கொடுத்தார். ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் அந்த எண் நிற்கும். மூலமொழியின் எழுத்துகூடத் தெரியாதவரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு சொல்லைப் பின்தொடரலாம். தமிழ்ப் பிரதியில் இந்த எண்களை எதிர்பார்க்க வேண்டாம். தமிழையும் கிங் ஜேம்ஸையும் இணைப்பார்வையில் அருகருகே வைத்து, ஆங்கிலப் பக்கத்தில் எண்ணைத் தொட வேண்டும். எண்களே தெரியவில்லையென்றால், அந்த நூலின் காட்சி விருப்பங்களில் 'ஸ்ட்ராங்ஸ் நம்பர்ஸ்' அணைந்திருக்கும்.

இதன் பயனைப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. சபைகளில் வழக்கமாக வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் சங்கீதம் 136ன் 26 வசனங்களிலும் 'கிருபை' திரும்பத் திரும்ப வருகிறது. ஓசியா 6:6ல் பலியைவிட தேவன் விரும்புவது 'இரக்கம்'. ரூத் 3:10ல் போவாஸ் ரூத்திடம் பாராட்டுவது 'நற்குணம்'. தமிழில் படிக்கும்போது இவை மூன்று வெவ்வேறு சொற்கள். எபிரெயத்தில் மூன்றும் ஒன்றே: ஹெசெத், எண் 2617. விசுவாசம் மாறாத, உறவுக்குக் கட்டுப்பட்ட அன்பு என்று அதை விரிக்கலாம். தேவன் இஸ்ரவேலுக்குக் காட்டியதும், ஒரு மோவாபியப் பெண் தன் மாமியார் குடும்பத்துக்குக் காட்டியதும் ஒரே சொல்லால் சொல்லப்படுகின்றன என்பது, எண்ணைத் தேடிய பிறகுதான் தெரியும். மறுபக்கமும் உண்டு. தமிழில் 'கிருபை' என்று தேடினால் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தின் காரிஸ், எண் 5485, அதுவும் கலந்து வரும். ஆகவே தமிழ்ச் சொல் தேடல் ஒரு வேலை, எண் தேடல் இன்னொரு வேலை. ஒன்றை வைத்து மற்றதன் முடிவுக்கு வரக்கூடாது.

தேடும் முறை: கிங் ஜேம்ஸ் நூலுக்கு முதலில் தேடல் அட்டவணை உருவாக்கச் சொல்லுங்கள், சில நிமிடங்கள் ஆகும். பிறகு சைஃபோஸில் மேம்பட்ட தேடலைத் திறந்து, 'ஆப்டிமைஸ்டு' வகையைத் தேர்ந்து, 'லெம்மா' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி, அதை ஒட்டி எழுத்தும் எண்ணும் கொடுக்க வேண்டும். கிரேக்கத்துக்கு ஜி, எபிரெயத்துக்கு ஹெச். பைபிள்டைமில் 'லெம்மா'வுக்குப் பதில் 'ஸ்ட்ராங்'. எபிரெய எண்ணுக்கு விடையே வரவில்லையென்றால், எண்ணுக்கு முன் ஒரு சுழியம் சேர்த்து 02617 என்று கொடுத்துப் பாருங்கள். கிங் ஜேம்ஸ் நூலில் எபிரெய எண்கள் அப்படித்தான் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆண்ட்பைபிளில் இவ்வளவு வேலை இல்லை: எண்ணைத் தொட்டு அகராதி திறந்ததும், அந்தச் சொல் வரும் எல்லா இடங்களையும் தேடும் இணைப்பு அங்கேயே இருக்கும்.

தேடல் முடிவு எண்ணிக்கையைப் பார்க்கும்போது கவனம் தேவை. செயலி எண்ணுவது வசனங்களை, சொற்களை அல்ல. யோவான் 21:15-17ல் 'நேசி' என்னும் பொருளுள்ள கிரேக்க வினைச்சொல் பிலேயோ, எண் 5368, மூன்று வசனங்களில் வருகிறது என்று காட்டும். உண்மையில் ஐந்து முறை வருகிறது, 17ம் வசனத்தில் மட்டும் மூன்று.

அந்தப் பகுதியையே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்று இயேசு பேதுருவிடம் முதல் இரண்டு முறை கேட்கும்போது வருவது இன்னொரு சொல், அகபாவோ, எண் 25. பேதுரு பதில் சொல்வது பிலேயோ. மூன்றாம் முறை இயேசுவும் பிலேயோவுக்கு மாறுகிறார். கிங் ஜேம்ஸ் ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்போ 'அன்பாயிருக்கிறாயா', 'நேசிக்கிறேன்' என்று வேறுபாட்டைக் காப்பாற்றியிருக்கிறது. தமிழ் வாசகர் மென்பொருள் இல்லாமலே இதைப் பார்க்க முடியும், அந்த மொழிபெயர்ப்பாளர்களின் கவனத்தை மெச்ச வேண்டும். ஆனால் இதிலிருந்து 'அகபாவோ என்றால் தெய்வீக அன்பு, பிலேயோ என்றால் மனித நட்பு' என்று ஒரு பாய்ச்சல் பாய்கிறார்கள். எண் 25ஐத் தேடுங்கள். யோவான் 3:19ல் மனிதர்கள் இருளை விரும்பியதும் அகபாவோதான். 2 தீமோத்தேயு 4:10ல் தேமா இந்த உலகத்தின்மேல் ஆசை வைத்துப் பவுலை விட்டுப் போனதும் அதே சொல்தான். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்பதற்கு யோவான் 3:35 அகபாவோ, 5:20 பிலேயோ. அகராதியின் ஒற்றைவரிப் பொருளை மட்டும் படித்தவருக்குக் கிடைப்பது ஒரு பிரசங்கக் குறிப்பு. எல்லா இடங்களையும் படித்தவர் அந்தக் குறிப்பைக் கைவிட்டுவிடுவார். ஸ்ட்ராங் அகராதியை வழிகாட்டிப் பலகையாக வையுங்கள், தீர்ப்பாக வேண்டாம். அது சொல்லின் பல பொருள்களை வரிசையாகத் தரும். அவற்றில் பிடித்ததைப் பொறுக்கி எந்த வசனத்திலும் செருகலாம் என்பது அதன் நோக்கமல்ல.

தமிழில் தேடும்போது வரும் சிக்கல்கள் தனி ரகம். பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும், வினை காலம் காட்டும், சந்தி சேரும். 'அன்பு' என்று தேடினால் 'அன்பாய்', 'அன்பின்', 'அன்பை' எதுவும் வராது. இதற்கு எளிய வழி, கடைசி எழுத்தின் உயிர்க்குறியை விட்டுவிட்டு 'அன்ப' என்று தேடுவது. கணினியில் பு, பா, பி, பை எல்லாமே 'ப'வுக்குப் பின் ஒரு குறி சேர்ந்தவைதான், அதனால் அத்தனையும் சிக்கும். அதேபோல் 'நேச' என்று அடித்தால் நேசிக்கிறேன், நேசித்தார், நேசத்தை எல்லாம் வரும். கூடவே உன்னதப்பாட்டின் 'நேசர்' முழுவதும் வந்து நிற்கும், அதைக் கையால் ஒதுக்க வேண்டும். இந்த வகைத் தேடலுக்கு சைஃபோஸில் 'ஆப்டிமைஸ்டு' வேண்டாம், 'மல்டி-வேர்ட்' போதும். அது சொல்லின் துண்டையும் பிடிக்கும்.

கண்ணால் பார்க்கும் சொல் தேடலில் வராவிட்டால், பெரும்பாலும் குறியேற்றம்தான் காரணம். 'கொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. 'ஔ'வை 'ஒ', 'ள' என்று பிரித்து அடித்த பிரதிகளும் உண்டு. எந்த விசைப்பலகை, எந்தப் பதிப்பு என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல், நூலில் தெரியும் சொல்லையே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள், உடனே கிடைக்கும். எழுத்துகளே ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பிரதி. அதைச் சரிசெய்ய மெனக்கெடாமல் யூனிகோட் பிரதிக்கு மாறிவிடுங்கள். வசனத்துக்குத் தாவும் பெட்டியில் தமிழில் 'யோவான் 3:16' என்று அடித்துப் போகவில்லையென்றால் ஆங்கிலப் பெயரைக் கொடுத்தால் போகும்.

இணைப்பார்வையில் வசனங்கள் பொருந்தாமல் போனாலும் செயலியைக் குறை சொல்ல வேண்டாம். எபிரெயப் பிரதியில் மல்கியாவுக்கு மூன்று அதிகாரம், நம்முடையதில் நான்கு. யோவேலுக்கு அங்கே நான்கு, இங்கே மூன்று. சங்கீதங்களின் தலைப்பை எபிரெயம் வசனமாக எண்ணும், ஆகவே நம் சங்கீதம் 51:1 அங்கே 51:3. பழைய ஏற்பாட்டின் பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் நம் 23ம் சங்கீதம் 22. கத்தோலிக்கத் திருவிவிலியத்தை வைத்துப் படிப்பவர்கள், இணைத்திருமுறை நூல்களும் அடங்கிய பிரதியையே கூடவே திறக்க வேண்டும். கிங் ஜேம்ஸின் வழக்கமான வசன அமைப்பில் தோபித்துக்கும் மக்கபேயருக்கும் இடமே இல்லை.

வசனமே காணாமல் போவது இன்னொன்று. 2010ல் வெளியான எஸ்பிஎல் (வேதாகம ஆய்வாளர் சங்கம் ஒன்றின் பதிப்பு) கிரேக்கப் புதிய ஏற்பாட்டைச் சேர்த்தால் மத்தேயு 17:21, மாற்கு 9:44, அப்போஸ்தலர் 8:37 காலியாக இருக்கும், 1 யோவான் 5:7 குறுகிவிடும். கோப்பு கெடவில்லை. கிங் ஜேம்ஸும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் பிற்காலக் கையெழுத்துகளின் அடிப்படையில் அச்சான கிரேக்கப் பாடத்தைப் பின்பற்றியவை. இப்போதைய பதிப்புகள் அதைவிடப் பழைய கையெழுத்துகளுக்கு அதிக எடை கொடுக்கின்றன.

இலவசமாகக் கிடைக்கும் விளக்கவுரைகளும் கலைக்களஞ்சியங்களும் பெரும்பாலும் காப்புரிமைக் காலம் கடந்தவை. மேத்யூ ஹென்றி 1714ல் இறந்தவர், ஈஸ்டன் அகராதி 19ம் நூற்றாண்டினது. பழைய ஏற்பாட்டின் மிகப் பழைய கையெழுத்துகள் அடங்கிய கும்ரான் குகைச் சுருள்கள் கிடைக்கத் தொடங்கியது 1947ல்தான், ஆகவே இந்த நூல்களுக்கு அவை தெரியாது. பக்திக்கும் வசனத்தைத் தியானிக்கவும் ஹென்றியை இன்றும் தாராளமாகப் படிக்கலாம். தொல்லியல், ஆண்டுக்கணக்கு, எபிரெயச் சொல்லாராய்ச்சிக்கு இவற்றை நம்பி இறங்க வேண்டாம். அந்தக் குறையை நிரப்ப, கேம்பிரிட்ஜின் டின்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிளைத் துணைக்கு வையுங்கள். இணையத்திலும் இயங்கும், கணினியிலும் நிறுவலாம். ஸ்ட்ராங் எண்களைப் புதிய ஆய்வுகளோடு திருத்தித் தருகிறார்கள்.

கடைசியாக உங்கள் குறிப்புகள். சைஃபோஸில் 'பர்சனல்' என்ற விளக்கவுரை நூலில் வசனத்துக்கு வசனம் தமிழிலேயே எழுதி வைக்கலாம். லினக்ஸில் அது வீட்டுக் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் ஸ்வோர்ட் கோப்புறையில் மறைந்திருக்கும், சாதாரணமாகக் கண்ணில் படாது. இறக்கிய நூல்கள் போனால் மறுபடி இறக்கலாம், எழுதிய குறிப்பு போனால் போனதுதான். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, அந்தக் கோப்புறை முழுவதையும் மாதம் ஒருமுறை பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.