நீட் கிடைக்கவில்லை, பொதுச் சுகாதாரம் படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூவில் பயாலஜி குரூப். இரண்டு முறை நீட் எழுதியும் மார்க் போதவில்லை. பொதுச் சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம் இருக்கிறது, அதில் சேர் என்கிறார் மாமா. அதைப் படித்தால் நானும் டாக்டர் மாதிரிதானே?
– வாசகி, செய்யாறு

இல்லைம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூன்று வருடம் கழித்துத் தெரிந்து நீங்கள் அழக்கூடாது. இந்தப் பட்டத்தை வைத்து மருந்துச் சீட்டு எழுத முடியாது, ஊசி போட முடியாது. எம்.பி.பி.எஸ். கிடைக்காத ஏக்கத்தோடு சேர்ந்தால் முதல் செமஸ்டரிலேயே மனசு விட்டுப்போகும்.

ஆனால் உங்கள் தெருவில் இந்த வாரம் மட்டும் ஏன் ஏழு பேருக்குக் காய்ச்சல் என்று யோசிக்கிற ஆளாக இருந்தால், இது உங்களுக்கான படிப்பு. டெங்கு களப்பணிக்கு மாணவர்களோடு நானும் ஒருமுறை போயிருந்தேன். ஒரு வீட்டில் தொட்டி பளிச்சென்று இருந்தது, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எதுவும் இல்லை, அந்த அம்மா பெருமையாகச் சுற்றிக் காட்டினார். ஒரு மாணவி மட்டும் பிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தி, பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டில் டார்ச் அடித்தாள். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. நூறு வீட்டுக்கு இப்படிப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்று எண்ணுவதற்குப் பெயர் பிரெட்டோ குறியீடு. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது, சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இந்தத் துறை என்ன சாதித்திருக்கிறது என்று இன்னொன்றும் சொல்ல ஆசை. தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, காசநோய் வந்தால் வீட்டை விட்டு மாதக்கணக்கில் அப்படிப்பட்ட இடத்தில் போய்ப் படுத்திருந்த காலத்தின் பெயர் அது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் மட்டம், ஓய்வும் குறைவு, ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. நம் ஊர் ஏழை வீடுகளில் கண்டுபிடித்தது இது! எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

கேள்வி: என் மகன் இந்தப் பட்டம் வாங்கினால் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலை கிடைக்குமா?
– வாசகர், விருத்தாசலம்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நம் மாநிலத்தில் இரண்டாம் நிலை சுகாதார ஆய்வாளர் வேலைக்குக் கேட்பது பட்டம் இல்லை. பிளஸ் டூவில் உயிரியல், அதோடு இரண்டு வருட சுகாதார ஆய்வாளர் பயிற்சிச் சான்றிதழ். காந்திகிராமத்தில் இந்தப் பயிற்சி நடக்கிறது. அந்த வேலைதான் குறி என்றால் நேராக அதில் சேர்த்துவிடுங்கள், காசும் வருடமும் மிச்சம். மாவட்ட அளவில் சுகாதார அதிகாரி ஆவதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, உணவுத் தொழில்நுட்பம் என்று விதியில் ஒரு பட்டியலே இருக்கிறது, அதில் பொதுச் சுகாதாரப் பட்டம் இல்லை.

அப்போ இந்தப் பட்டம் எதற்கு? எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் வரை போகிறவருக்கு இது நல்ல அடித்தளம். ஆராய்ச்சித் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், கணக்கெடுப்பு வேலைகள் என்று வழி உண்டு, ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். சேர்க்கும் முன் கல்லூரியில் இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்தப் பட்டத்தை எந்தெந்த எம்.பி.எச். படிப்பில் ஏற்றுக்கொள்கிறார்கள், மாணவர்கள் எத்தனை நாள் களத்துக்குப் போகிறார்கள். மழுப்பினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. சமாளிக்க முடியுமா?
– மாணவர், பரமக்குடி

ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்ட 140 பேரில் சிலருக்கு வாந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சாம்பாரைத் திட்டுகிறார்கள். நீங்கள் வீடு வீடாகப் போய் யார் எதைச் சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுகிறீர்கள். தயிர் சாதம் சாப்பிட்ட 80 பேரில் 40 பேருக்கு வாந்தி, சாப்பிடாத 60 பேரில் 3 பேருக்கு. அதாவது இங்கே 50 சதவீதம், அங்கே 5. பத்து மடங்கு! சாம்பாருக்கும் இதே மாதிரி போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தக் கணக்கு உங்களுக்குப் புரிந்ததா? அப்படியென்றால் பயப்படாமல் சேருங்கள், புள்ளியியல் வகுப்பில் மட்டும் முன் பெஞ்சில் உட்காருங்கள்.