பேனா தீர்ந்த பிறகு

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை நான். ஏழாம் வகுப்பில், வீட்டுக் கணக்கைத் தினமும் முடித்து வருபவர்களுக்கு வாரம் ஒரு பேனா என்று அறிவித்தேன். இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாம் வாரம் வாங்க முடியவில்லை. “அப்ப எதுக்கு டீச்சர் போடணும்?” என்று முதல் பெஞ்சுப் பெண்ணே கேட்கிறாள். கடைசி பெஞ்சு, பேனா இருந்தபோதும் எழுதவில்லை. என்ன செய்யலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பெண் கேட்டது நியாயம்தான். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், அமெரிக்காவில் படம் வரைய ஆசையுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முதலிலேயே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு சும்மா விட்டபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரெனக் கொடுத்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. நீங்கள் பேனா கொடுத்ததில் தப்பில்லை, முன்னாலேயே விலை பேசியதுதான் வினை. (உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கின் மேல் முதலில் ஆசை இருந்ததா என்பது வேறு விஷயம்.)

என் கவலை கடைசி பெஞ்சுதான். பேனாவுக்கும் அசையாதவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. முழுக்கள் பாடத்தில் –12-ஐ 3-ஆல் வகு என்றால், அவன் தடுக்குவது குறைக்குறியில் அல்ல, வகுத்தலில். அது நாலாம் வகுப்பிலேயே விட்டுப்போனது. பன்னிரண்டு வயதில், எல்லார் முன்னாலும் “தெரியலை” என்பதைவிட “எழுதலை” என்று சொல்லித் திட்டு வாங்குவது கௌரவம். நானும் அந்த பெஞ்சுதான், அதனால் சொல்கிறேன்.

எங்கள் சார் ஒருநாள் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, “நான் எங்கடா கோட்டை விட்டேன்?” என்றார். தப்பு அவருடையது, எங்களுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்கு வகுப்பில் நான் வாய் திறந்தது அன்றுதான்.

தினமும் பத்து நிமிடம் இதைச் செய்து பாருங்கள். பாடம் ஏழாம் வகுப்புடையதாகவே இருக்கட்டும், தப்பு மட்டும் நாலாம் வகுப்பு வகுத்தலில் ஒளிந்திருக்கட்டும். கண்டுபிடித்தவனை ரொம்பப் பாராட்டவும் வேண்டாம், ஒரு “ஆமாம்ல!” போதும்.

அப்புறம், அந்த முதல் பெஞ்சுப் பெண். தப்புக் கணக்கு தயாரிக்கும் வேலையை வாரம் இரண்டு நாள் அவளிடம் விடுங்கள். தப்பை எங்கே ஒளிக்கலாம் என்று தேட, அவள் பாடத்தைப் படித்தாக வேண்டும்.